காபிக் கடையில் ஆராதனை: வாசகர் கேள்வி பதில்

கோயில் கட்டடத்துக்கு வெளியே கூடும் கிறிஸ்தவ சபைகளைப் பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பாதி "இது சரியா?" என்று கேட்டன. மீதிப் பாதி "இதை எப்படி நடத்துவது?" என்று கேட்டன. முதல் வகைக்கு ஒரே பதிலோடு நிறுத்திக்கொண்டோம்.

பாளையங்கோட்டை வாசகர்: எங்கள் சேகரத்து (ஒரு குருவானவரின் பொறுப்பிலுள்ள சபைகள்) வாலிபர்கள் மாதம் ஒரு கூடுகையைக் காபிக் கடையில் வைக்கலாம் என்கிறார்கள். "கோயில் இருக்கும்போது கடை எதற்கு?" என்று கமிட்டியில் ஒரே சண்டை. வேதத்தில் ஆதாரம் உண்டா?

ஆதாரத்துக்குப் பஞ்சமே இல்லை. எபேசுவில் பவுல் இரண்டு வருஷம் பேசியது திறன்னுவின் வித்தியாசாலையில் (அப்போஸ்தலர் 19:9, 10). பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும் கூடாரம் செய்கிற தொழிலாளிகள். அவர்கள் வீட்டிலேயே ஒரு சபை கூடியது (ரோமர் 16:5). மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1739 ஏப்ரலில் பிரிஸ்டல் நகரத்து வெளியிடத்தில் நின்று பிரசங்கிக்கத் தொடங்கினார். இங்கிலாந்துத் திருச்சபை 2004இல் வெளியிட்ட ஓர் அறிக்கை காபிக் கடை, பள்ளிக்கூடம், வீடு ஆகிய இடங்களில் உருவாகும் சபைகளையும் சபை என்றே ஏற்றுக்கொண்டது. அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? உங்கள் கமிட்டிப் பெரியவர்கள் காட்டேஜ் பிரேயர் என்ற வீட்டு ஜெபக்கூட்டம் நடத்தாத தெரு பாளையங்கோட்டையில் இருக்கிறதா? கத்தோலிக்கரின் அன்பியக் (அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த குழு) கூட்டமும் வீடு வீடாகத்தானே நடக்கிறது?

வாலிபர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. கடைக்கு வரப்போவது யார்? ஞாயிறு காலை கோயிலில் பார்க்கிற அதே முப்பது முகங்கள்தான் என்றால், அது காபி பில்லோடு கூடிய வாலிபர் ஐக்கியம். தவறில்லை, ஆனால் அதற்கு இத்தனை சண்டை வேண்டாம். கோயில் வாசலை மிதிக்கத் தயங்குகிற நண்பர்களை அழைக்கத்தான் என்றால், கமிட்டிக்கு ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்: ஆறே ஆறு கூடுகை, எந்தக் கிழமை, கணக்குக்கு யார் பொறுப்பு, ஆறு முடிந்ததும் தொடர்வதா நிறுத்துவதா என்று கமிட்டியே முடிவு செய்யும். "இனிமேல் எப்போதும்" என்று கேட்டால் கமிட்டி மிரளும். "ஆறு தடவை" என்றால் பெரும்பாலும் தலையசைக்கும்.

சென்னை வாசகி: கடைக்காரரிடம் எப்படிக் கேட்பது? அவர் கிறிஸ்தவர் இல்லை.

கிறிஸ்தவராக இருக்க வேண்டிய அவசியமில்லை. அவர் பார்ப்பது நாற்காலிக் கணக்கு. நாற்பது பேர் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து இருபது காபி மட்டும் வாங்கினால் அவருக்கு நஷ்டம். அதனால் கூட்டம் குறைவான வேளையைத் தேர்ந்தெடுங்கள். ஐ.டி. வளாகங்களை நம்பி நடக்கும் கடைகள் சனி, ஞாயிறுகளில் காற்று வாங்கும். குடியிருப்புப் பகுதிக் கடைகளில் அதற்கு நேர்மாறு, ஞாயிறு மாலையில் இடமே கிடைக்காது.

போகும்போது ஆயரை முன்னிறுத்த வேண்டாம். அந்தக் கடையில் வழக்கமாகக் காபி குடிக்கும் ஒருவரே போய்க் கேட்கட்டும். என்ன நடக்கும் என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்: பாட்டு உண்டு, ஜெபம் உண்டு, இத்தனை நிமிஷம் ஒருவர் பேசுவார். "பிறந்தநாள் மாதிரி ஒரு சின்ன கெட் டுகெதர்" என்று மழுப்பி இடம் பிடித்தவர்கள் இரண்டாம் முறை அதே படியேற முடியாது.

குறைந்தபட்ச விற்பனைத் தொகை ஒன்றை ஒப்புக்கொள்ளுங்கள். விற்பனை அதைத் தொடாவிட்டால் மிச்சத்தைச் சபை கட்டும். கடை முழுதும் உங்களுக்கா, பாதியா என்பதையும் பேசிவிட வேண்டும். பாதிதான் என்றால் மற்ற பாதியில் ஒருவர் மடிக்கணினியோடு உட்கார்ந்திருப்பார். அவர் காதில் ஜெபத்தைத் திணிப்பது அவருக்கும் கடைக்காரருக்கும் செய்கிற அநியாயம். அப்படிப்பட்ட இடத்தில் மேசைப் பேச்சோடு நிறுத்திக்கொண்டு, பாட்டை விட்டுவிடலாம்.

இன்னொன்று. ஒரு காபி இயந்திரம், ஓர் ஆள் என்றால் நிமிஷத்துக்கு ஒரு கோப்பைதான் வரும். நாற்பது பேரும் வந்து சேர்ந்ததும் வரிசையில் நின்றால், கடைசி ஆள் கோப்பையோடு உட்கார நாற்பது நிமிஷம் ஆகும். கூடுகை தாமதமாகத் தொடங்குவதற்கு முதல் காரணம் இதுதான். வழியில் டிராபிக் என்று சொல்வதெல்லாம் சும்மா. முதல் நாளே என்னென்ன பானம் என்று கேட்டுத் தொகுத்து, இரண்டு மூன்று வகைகளுக்குள் சுருக்கி, கடைக்கு அனுப்பிவிடுங்கள்.

கோவை வாசகர்: பின் மேசைகளுக்குப் பேச்சு கேட்பதில்லை. சத்தத்தைக் கூட்டினால் முன் மேசைக்காரர்கள் காதைப் பொத்துகிறார்கள். என்ன ஸ்பீக்கர் வாங்கலாம்?

புதிதாக எதுவும் வாங்க வேண்டாம், இருப்பதை இடம் மாற்றுங்கள். தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். முன்னால் ஒரே பெட்டியை வைத்துக் கடைசி மேசை வரை தள்ளப் பார்த்தால் நீங்கள் சொல்கிற கதைதான். சிறிய பெட்டிகள் இரண்டை, ஒன்றை முன்பக்கமும் மற்றதை அறையின் நடுப்பகுதியிலும் குறைந்த ஒலியில் வையுங்கள். உட்கார்ந்திருப்பவர்களின் தலைக்கு மேலே, குறைந்தது ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கட்டும். மேசைமேல் வைத்தால் முன்னால் இருப்பவர்களின் உடம்பே ஒலியை விழுங்கிவிடும்.

கண்ணாடிச் சுவரும் டைல்ஸ் தரையும் உள்ள கடையில் எதிரொலி அதிகம். அங்கே சத்தத்தைக் கூட்டக் கூட வார்த்தைகள் குழம்பும். மெதுவாகப் பேசினால்தான் தெளியும். சட்டையில் மாட்டும் மைக் கடையின் இரைச்சல் முழுவதையும் சேர்த்து வாங்கும். கையில் பிடிக்கும் மைக்கை வாய்க்கு இரண்டு மூன்று விரல்கடை தூரத்தில் வைத்துப் பேசுவதே மேல். பேசுகிறவர் பெட்டிக்கு முன்னால் போய் நின்றால் ஊளையிடும், பின்னால்தான் நிற்க வேண்டும்.

இத்தனை செய்தும் காபிக் கொட்டை அரைக்கிற இயந்திரமும் பாலை நுரைக்கிற ஆவிக்குழாயும் எந்தப் பிரசங்கியையும் தோற்கடிக்கும். "எட்டு நிமிஷம் மட்டும் நிறுத்துங்கள்" என்று கேட்டால் பணியாளர்கள் ஒத்துக்கொள்வார்கள். நாற்பது நிமிஷம் நிறுத்தச் சொன்னால் கடையை மூடச் சொன்ன மாதிரி. ஆகவே பேச்சை எட்டு எட்டு நிமிஷமாக இரண்டு துண்டாக வெட்டி, நடுவில் மேசைக்கு மேசை உரையாட விடுங்கள். மேசைக்கு ஆறு பேர் போதும். எட்டானால் பேச்சு இரண்டாகப் பிளக்கும். மூன்றானால் புதிதாக வந்தவர் தப்பிக்க வழியில்லாமல் நெளிவார். ஒவ்வொரு மேசைக்கும் நம் ஆள் ஒருவர் இருக்கட்டும், இருவர் வேண்டாம். இருவர் இருந்தால் வாரக்கணக்கில் பார்க்காதவர்கள் மாதிரி அவர்களுக்குள்ளேயே பேசிக்கொள்வார்கள்.

கடையின் சொந்தப் பாட்டை நிறுத்தச் சொல்லவும் ஓர் ஆளை நியமியுங்கள். ஆரம்ப ஜெபத்தின் நடுவில் சினிமாப் பாட்டு பல்லவி எடுப்பது அடிக்கடி நடக்கிற விபத்து.

மதுரை வாசகி: எங்கள் பெண்கள் ஐக்கியம் சமுதாயக் கூடத்தில் கூடுகிறது. காபி நாங்களே போடுகிறோம். நாற்பது பேருக்கு அளவு சொல்லுங்கள். போன முறை ஆறிப்போய், வாடையும் அடித்தது.

ஒரு ஆளுக்கு 150 மில்லி என்று வைத்தால் மொத்தம் 6 லிட்டர். பொடி ஆளுக்கு 10 கிராம், ஆக 400 கிராம். இந்தப் பொடி ஏறக்குறைய 800 மில்லி தண்ணீரைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். அதனால் ஒன்றரை லிட்டர் டிகாக்‌ஷன் கிடைக்க 2.3 லிட்டர் வெந்நீர் ஊற்ற வேண்டும். பால் நாலரை லிட்டர். சர்க்கரை 350 கிராம் எடுத்துப் போங்கள், ஆனால் கலக்காதீர்கள். நாற்பது பேரில் சர்க்கரை நோயாளிகள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும்.

வாடைக்குக் காரணம், பாலையும் டிகாக்‌ஷனையும் வீட்டிலேயே கலந்து பிளாஸ்கில் அடைத்ததாக இருக்கும். கலந்த காபி ஒரு மணி நேரத்துக்கு மேல் சூட்டில் கிடந்தால் ருசி மாறிவிடும். இரண்டையும் தனித்தனிப் பிளாஸ்கில் கொண்டுபோய் அங்கேயே கலக்குங்கள். பாலை ஊற்றுமுன் பிளாஸ்கை வெந்நீரால் ஒரு முறை அலசிச் சூடாக்கிக்கொண்டால் சூடு நிற்கும். பாலை வடிகட்டி ஊற்றுங்கள், இல்லாவிட்டால் ஆடை போய்க் குழாயை அடைத்துக்கொள்ளும். அப்புறம் ஒருவர் பிளாஸ்கைத் தட்ட, ஒருவர் கவிழ்க்க, கூடுகை அதோடு சரி.

லண்டன், ஹாரோ வாசகர்: என் மகன் போகிற ஆங்கிலச் சபை ஒன்று பப்பின் மாடி அறையில் கூடுகிறது. எனக்கு மனசு ஒப்பவில்லை. தமிழ்ச் சபையிலும் இதை ஆரம்பிக்கச் சொல்கிறான்.

பிரிட்டனில் பப் என்பது சாராயக் கடை மட்டுமல்ல. சாப்பாட்டுக்கும் வினாடி வினாவுக்கும் கால்பந்து பார்ப்பதற்கும் ஊர் கூடுகிற திண்ணை அது. அமெரிக்கக் கத்தோலிக்கர்கள் 1981இல் சிகாகோ பக்கத்தில் 'தியாலஜி ஆன் டாப்' என்ற பெயரில் இளைஞர்களை மது விடுதிகளில் கூட்டிப் பேச ஆரம்பித்தார்கள்; அது பல நாடுகளுக்கும் பரவிவிட்டது. ஆகவே உங்கள் மகன் சபை செய்வது விசித்திரம் ஒன்றுமில்லை.

ஆனால் தமிழ்ச் சபையில் இதை ஆரம்பிப்பது வேறு விஷயம். ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே யார் வரமாட்டார்கள் என்பதையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறோம். குடியை விட்டுப் போராடிக்கொண்டிருப்பவர் அந்தப் படியேறினால் அவர் பட்ட பாடெல்லாம் ஒரு மாலையில் வீணாகலாம். குடிகாரக் கணவனோடு வாழ்ந்த பெண்ணுக்கு அந்த வாடையே போதும். நம் தமிழ்க் குடும்பங்களில் இந்த இரண்டும் அரிதா என்ன? எங்கள் கருத்தைக் கேட்டால், தமிழ்ச் சபைக்குக் காபிக் கடையோ சமுதாயக் கூடமோதான் பொருந்தும். பப் ஆங்கில நண்பர்களுக்கு இருக்கட்டும்.

பப்தான் என்று முடிவானால் தனி வாசல் உள்ள மாடி அறையைக் கேளுங்கள். ஞாயிறு மதியம் வேண்டாம். அது ரோஸ்ட் (சுட்ட இறைச்சி) சாப்பாட்டு நேரம், அவர்களுக்கு வாரத்தின் பெரிய வியாபாரம். திங்கள், செவ்வாய் மாலைகளில் அறையைச் சும்மாவே தரவும் வாய்ப்புண்டு. மது அல்லாத பானங்களைச் சபை செலவில் முதலிலேயே மேசையில் வைத்துவிடுங்கள். கவுண்டருக்குப் போகிற அவசியமே பலருக்கு இராது.

லண்டன், ஈஸ்ட் ஹாம் வாசகி: வாடகை மண்டபத்தில் மாதம் ஒருமுறை அன்பின் விருந்து. வீடுகளிலிருந்து சமைத்துக் கொண்டுவருகிறோம். ஒவ்வாமைப் பட்டியல் ஒட்டச் சொல்கிறார்கள் மண்டபத்தார். நம் சாப்பாட்டில் அப்படி என்ன இருக்கிறது?

நிறையவே இருக்கிறது! பிரிட்டனில் பட்டியலிடப்பட்ட ஒவ்வாமைப் பொருள்கள் 14. அதில் கடுகு உண்டு. அதாவது தாளித்த எல்லாமே: சட்னி, சாம்பார், ரசம், பொரியல், தயிர் சாதம். எள் உண்டு, ஆகவே எள்ளுப் பொடியும் நல்லெண்ணெயும். கேசரியில் கோதுமை (ரவை), பால் (நெய்), முந்திரி என்று மூன்று. மீன் குழம்பும் இறால் வறுவலும் சொல்லாமலே தெரியும்.

பலரும் தவறவிடுவது பெருங்காயம். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருப்பது சகஜம். "அரிசிச் சாப்பாடுதான், கோதுமையே இல்லை" என்று நம்பிக் கொடுத்துவிடுவீர்கள். டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். சமைத்தவரே ஒரு சீட்டில் பொருள்களை எழுதிப் பாத்திரத்தோடு அனுப்பச் சொல்லுங்கள். மண்டபத்தில் நின்றுகொண்டு ஊகித்து எழுதக் கூடாது. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனிக் கரண்டி. நிலக்கடலைச் சட்னிக் கரண்டி தேங்காய்ச் சட்னிக்குள் போய்விட்டால் சீட்டு எழுதியும் பயனில்லை.

நாகர்கோவில் வாசகர்: இப்படிப்பட்ட கூடுகையில் திருவிருந்து (அப்பமும் திராட்சரசமும்) கொடுக்கலாமா?

உங்கள் சபையின் ஒழுங்கைப் பொறுத்தது. இங்கிலாந்துத் திருச்சபையில் குருப்பட்டம் பெற்றவரே நடத்த வேண்டும். கோயில் அல்லாத இடத்தில், நோயாளிகளுக்குக் கொடுப்பது தவிர, பேராயரின் அனுமதி வேண்டும். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் 932 புனித இடத்தையே சொல்கிறது. தேவை நேர்ந்தால் தகுதியான வேறோர் இடத்தில், துணி விரித்த மேசையில் நடத்த இடம் கொடுக்கிறது. தென்னிந்தியத் திருச்சபையார் முதலில் சேகர குருவானவரிடம் பேசுங்கள். வாலிபர் தலைவர் ஆர்வத்தில் அப்பத்தைப் பிட்டுக் கொடுத்துவிட்டு, பிறகு திருமண்டலம் (பேராயரின் நிர்வாகம்) வரை போய் விளக்கம் சொல்ல நேர்வது வீண் வருத்தம்.

அனுமதி கிடைத்தால்: திராட்சைச் சாறு சின்னக் கிண்ணத்துக்கு 12 முதல் 15 மில்லி, நாற்பது பேருக்கு 600 மில்லி, சிந்துவதற்கும் சேர்த்து 750. ஒன்றரைக் கிலோ பன்னீர் திராட்சை போதும். நசுக்கிக் கொதிக்கவைத்து வடிகட்டி, ஆறியதும் குளிர்பெட்டியில் வையுங்கள். கொதிக்கவைக்காத சாறு நம் ஊர் வெக்கையில் ஒரே நாளில் பொங்க ஆரம்பிக்கும். (புளிக்காத சாற்றைப் பாட்டிலில் அடைக்கும் வழியை 1869இல் அமெரிக்காவில் கண்டவர் தாமஸ் வெல்ச் என்ற மெதடிஸ்ட் பல் மருத்துவர். திருவிருந்துக்காகத்தான் அதைச் செய்தார்.) உதிரும் ரொட்டி கடைத் தரையில் சிந்தி மிதிபடும், அடர்த்தியான அப்பமோ வேஃபரோ எடுத்துப் போங்கள். மிஞ்சியதைக் கடையின் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு வரக் கூடாது என்று சொல்லத் தேவையில்லை என நினைக்கிறோம்.

எல்லோரும் பெற்றுக்கொள்ள வேண்டும் என்ற நெருக்கடி புதியவருக்கு வராதபடி, ஒரு மூலையில் மேசை போட்டு விருப்பமுள்ளவர்கள் எழுந்து வரும்படி அமையுங்கள். மேசைக்கு மேசை தட்டைச் சுற்றவிட்டால் அவர் திருதிருவென்று முழிப்பார்.

திருச்சி வாசகர்: கிறிஸ்துமஸ் கூடுகையைக் கல்யாண மண்டபத்தில் வைத்தால் ஏமாறாமல் பேசுவது எப்படி?

நல்ல மாதம் பார்த்திருக்கிறீர்கள். டிசம்பர் பாதியில் மார்கழி பிறந்துவிடும். முகூர்த்தம் இல்லாததால் மண்டபங்கள் காலியாகக் கிடக்கும், வாடகை இறங்கிவரும். ஆடியும் அப்படித்தான். தை பிறந்த பிறகு போய் நின்றால் யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள்.

சொன்ன வாடகைக்கு மேல் வருபவை: ஜி.எஸ்.டி., மீட்டர்படி மின்சாரம், ஜெனரேட்டர் டீசல், துப்புரவுக் கூலி, நாற்காலி உடைந்தால் அதன் விலை. உள்ளே நுழையும்போதும் வெளியேறும்போதும் மீட்டரைப் போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். பிரியாணிக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் மண்டபத்தில் அசைவம் அனுமதியா என்று கேளுங்கள். பல மண்டபங்களில் சைவம் மட்டுமே. ஆயிரம் பேர் கொள்ளும் இடத்தில் நூறு பேர் உட்கார்ந்தால் பாட்டே எடுபடாது. சாப்பாட்டுக் கூடத்தை மட்டும் வாடகைக்குத் தருவார்களா என்று விசாரியுங்கள்.

தூத்துக்குடி வாசகி: எங்கள் வீட்டு மொட்டை மாடியில் வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம். இப்போது ஐம்பது பேர் வருகிறார்கள். பக்கத்து வீட்டார் போலீசில் சொல்வேன் என்கிறார்கள். மாடி தாங்குமா என்று கணவருக்குப் பயம்.

மாடியைப் பற்றி முதலில். ஏறிப் புழங்கும் தட்டைக் கூரைக்கு இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 875 சொல்லும் சுமை சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 150 கிலோ. நாற்காலிகளைப் பரவலாகப் போட்டு உட்கார்ந்தால் அதைத் தொடாது. எல்லோரும் ஒரே பக்கம் குவிந்து நின்று குதித்துப் பாடும்போதுதான் சிக்கல். கம்பி தெரிகிற, விரிசல் விட்ட பழைய தளம் என்றால் இந்தக் கணக்கே செல்லாது. பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். கைப்பிடிச் சுவர் இடுப்புக்குக் கீழே இருந்தால் அதை ஒட்டி யாரையும் உட்கார வைக்காதீர்கள். துரோவாவில் பவுல் நடுராத்திரி வரை பேச, ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஐத்திகு தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தது நினைவிருக்கும். அங்கே அவனை உயிரோடு எழுப்புவதற்குப் பவுல் இருந்தார்.

பக்கத்து வீட்டாரின் கோபத்துக்குப் பெரும்பாலும் மூன்று காரணம்: வாசலை மறிக்கும் பைக்குகள், ஒலிபெருக்கி, நேரம். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கிக்கு எழுத்துமூல அனுமதி வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் கூடாது. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல்தான் வரம்பு. ஐம்பது பேருக்கு மொட்டை மாடியில் ஒலிபெருக்கியே தேவையில்லை. வட்டமாக உட்காருங்கள், எட்டரைக்கு முடியுங்கள், பைக்குகளைத் தெருமுனையில் நிறுத்த ஒருவரை வையுங்கள். பிறகு பக்கத்து வீட்டுக்கு நீங்களே போய்ப் பேசுங்கள். போதகரை அனுப்ப வேண்டாம், அவர்கள் தினமும் பார்க்கிற முகம் உங்களுடையது.

வழிபாட்டுக்கென்றே ஒரு கட்டடம் கட்ட மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும். வீட்டு ஜெபம் எந்தக் கட்டத்தில் அந்த வரையறைக்குள் வருகிறது என்பதைப் பற்றி உயர் நீதிமன்றத்தில் பல வழக்குகள் நடந்திருக்கின்றன. ஆகவே மாடிக்குக் கூரை போட்டு, சிலுவை வைத்து, பெயர்ப்பலகை மாட்டுவதற்கு முன் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். ஐம்பது என்பது ஒரு வீட்டுக்கு அதிகமும்கூட. இருபத்தைந்து இருபத்தைந்தாக இரண்டு வீடுகளுக்குப் பிரித்துவிட்டால் மாடிப் பயமும் பக்கத்து வீட்டுச் சண்டையும் பாதியாகும்.

வேலூர் வாசகர்: கடையில் காணிக்கை எடுக்கலாமா?

புதியவர்கள் வரும் கூடுகையில் பையைச் சுற்றவிட வேண்டாம். வாசலருகே மூடிய பெட்டி ஒன்றோ, க்யூ.ஆர். அட்டையோ போதும். அட்டையில் சபையின் கணக்கு இருக்கட்டும், எவருடைய சொந்த எண்ணும் வேண்டாம். பெட்டியைக் கடையில் வைத்து எண்ணாதீர்கள். வெளியே கொண்டுபோய் இருவராக எண்ணிக் கையெழுத்திடுங்கள். மேசை துடைக்கிற பையனுக்கு டிப்ஸ் கொடுத்தீர்களா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.